லயத்துக் கூரை ஓடும் ஜெனீவாப் பரிந்துரையும்: நீடித்த வளர்ச்சி இலக்குகளை மனித உரிமை மீளாய்வோடு முடிச்சுப் போடுவது எப்படி?

2015 செப்டம்பரில் மூணாறில் கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். கேட்டது 20 சதவீத போனஸ். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே சேர்க்கவில்லை. போனஸ் வந்தது, அடுத்த சில வாரங்களில் 232 ரூபாயாக இருந்த தினக்கூலி 301 ஆனது. அதே செப்டம்பர் 25-ஆம் தேதி நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்டது. அதில் 8.8 என்று ஓர் எண் இருக்கிறது: தொழிலாளர் உரிமைகளைக் காப்பது, எல்லாத் தொழிலாளருக்கும் பாதுகாப்பான வேலையிடம் தருவது. மூணாறு டவுனில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த எண் தெரியாது. நியூயார்க்கில் ஏற்றுக்கொண்டவர்களுக்கு மூணாறு தெரியாது.

இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுத முடியும். அதற்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று வேண்டும். அதுதான் ஜெனீவாவில் கூடும் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் உலகளாவிய காலமுறை மீளாய்வு (யூ.பி.ஆர்.). மூணாறு இருக்கும் தேவிகுளம் தாலுகாவில் எங்கள் வாசகசாலைக் குழு இரண்டு மூன்று தடவை தப்பும் தவறுமாகச் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். பீருமேடு, வண்டிப்பெரியாறு பக்கம் இருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும். பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆட்கள் வீடு என்று வரும் இடத்தில் தண்ணீர் என்று போட்டுக்கொள்ளலாம்.

எதை எதோடு இணைக்கிறோம்?

மீளாய்வு என்பது ஒரு நாட்டின் மனித உரிமை நிலவரத்தை மற்ற நாடுகள் உட்கார்ந்து கேள்வி கேட்பது. பேரவை 2006-ல் அமைந்தது, மீளாய்வின் முதல் சுற்று 2008-ல் தொடங்கியது. ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் நாலரை, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை இந்தப் படியேறியாக வேண்டும். ஒரு நாட்டுக்கு மூன்றரை மணி நேரம். மேசையில் மூன்று ஆவணங்கள் இருக்கும்: அரசே எழுதிய அறிக்கை, ஐ.நா. அமைப்புகள் சொன்னவற்றின் தொகுப்பு, மனித உரிமை ஆணையமும் மக்கள் அமைப்புகளும் அனுப்பியவற்றின் சுருக்கம். பிறகு ஒவ்வொரு நாடும் எழுந்து, 'இதைச் செய்யுங்கள்' என்று பரிந்துரை சொல்லும். அந்த நாடு ஒவ்வொன்றுக்கும் 'ஏற்கிறேன்' அல்லது 'குறித்துக்கொள்கிறேன்' என்று பதில் சொல்ல வேண்டும். 'நிராகரிக்கிறேன்' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. ராஜதந்திர மரியாதை.

இந்தியா நான்கு தடவை இதில் உட்கார்ந்திருக்கிறது: 2008 ஏப்ரல், 2012 மே, 2017 மே, 2022 நவம்பர். 2012-ல் 169 பரிந்துரைகள் வந்தன, 67 ஏற்கப்பட்டன. 2017-ல் 250-க்கு 152. 2022-ல் 339-க்கு 221. மீதி 118 குறித்துக்கொள்ளப்பட்டவை.

நீடித்த வளர்ச்சி இலக்குகளைப் பற்றிப் பள்ளிச் சுவரிலேயே படம் ஒட்டியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 17 இலக்குகள், அவற்றுக்குள் 169 துணை இலக்குகள், அவற்றை அளக்க 230-க்கு மேற்பட்ட குறிகாட்டிகள். கெடு 2030. (2012-ல் வந்த பரிந்துரைகளும் 169, துணை இலக்குகளும் 169. தற்செயல்தான். ஒரு பயிற்சி வகுப்பில் இரண்டையும் ஒன்றென்று சொல்லி நான் அசடு வழிந்திருக்கிறேன்.)

இணைப்பதில் என்ன லாபம்? இலக்குக்கு எண் உண்டு, கெடு உண்டு. ஆனால் எட்டாவிட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. துணை இலக்கு 8.7 குழந்தைத் தொழிலை 2025-க்குள் ஒழிப்பதாகச் சொன்னது. அந்த வருடம் வந்தது, போனது. பரிந்துரைக்கோ ஆள் உண்டு: அரசு மற்ற நாடுகளின் முன்னால் வாயால் ஒப்புக்கொண்டது. ஆனால் பெரும்பாலான பரிந்துரைகளில் எண்ணும் இல்லை, கெடுவும் இல்லை. வாக்குக் கொடுத்தவர் ஒரு பக்கம், அளவுகோல் இன்னொரு பக்கம் என்று கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டினால், 'நீங்கள் ஒப்புக்கொண்டது இது, அளவு இது, எங்கள் டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) இன்றைய கணக்கு இது' என்று ஒரே மூச்சில் கேட்கலாம்.

கேரளத்தில் இதற்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. நிதி ஆயோக் வெளியிடும் நீடித்த வளர்ச்சிக் குறியீட்டுப் பட்டியலில் நம் மாநிலம் 2018-இல் தொடங்கி முன்வரிசையில்தான். 2023–24 பட்டியலில் 79 புள்ளியோடு உத்தராகண்டும் கேரளமும் சேர்ந்து முதலிடம். அந்த 79-க்குள் மழைக்குத் தார்ப்பாய் போர்த்திய லயங்களும், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளும், இருக்கின்றன. மாநிலச் சராசரி நன்றாக இருக்கும் இடத்தில்தான் ஓரத்தில் இருப்பவர்கள் சுலபமாகக் காணாமல் போவார்கள். மலையில் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளரும், இடமலைக்குடியில் முதுவர் பழங்குடியினரும், கிழக்குப் பாலக்காட்டு ஆழ்துளைக் கிணற்றுக்காரர்களும் அந்தச் சராசரிக்கு ஒரு தசமப் புள்ளிகூட இல்லை.

படி 1: ஊர்ச் சங்கதியிலிருந்து தொடங்குங்கள்

நாங்கள் முதல் தடவை செய்த பிழை இது. வாசகசாலைச் சுவரில் 17 இலக்குக்கும் 17 சார்ட் வரைந்து ஒட்டினோம், அந்தந்தக் கலரில். கூட்டத்துக்கு வந்த ஓர் அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, எங்க வீட்டு ஓடு ஒழுகுதே, அது எந்தக் கலருப்பா?"

பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அது ஒரு கலர் இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடி 70 பேர் செத்தார்கள். மின்சாரமும் போனும் இல்லாததால் வெளியே தெரிய மறுநாள் காலை ஆயிற்று. அதை எந்த இலக்கில் சேர்ப்பது? பேரிடரா, வீடா, வேலையிடப் பாதுகாப்பா, தொலைத்தொடர்பா? எல்லாம்தான். எல்லாம் என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே ஒரு சங்கதியை ஒரு கேள்வியாக எழுதுங்கள். 'வீட்டுப் பிரச்சினை' என்பது கேள்வி ஆகாது. 'மழைக்கு முன்னால் இந்த லயத்தை யார் வந்து பார்த்து, தங்கலாம் தங்கக்கூடாது என்று சொல்ல வேண்டும்?' என்பது கேள்வி. 'ரிட்டயர் ஆன மறுமாதம் வீட்டைக் காலி செய்பவர் எங்கே போவார்?' என்பது இன்னொன்று. இரண்டும் வீட்டைப் பற்றியவைதான், ஆனால் போய்ச் சேரும் எண்கள் வேறு வேறு என்பதைப் படி 3-இல் பார்ப்பீர்கள். ஒரு தாளுக்கு ஒரு கேள்வி போதும்.

படி 2: பரிந்துரையைத் தேடிப் பிடித்து, அதன் வினைச்சொல்லைப் பாருங்கள்

ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் இணையதளத்தில் இந்தியாவுக்கென்று மீளாய்வுப் பக்கம் இருக்கிறது. அங்கே இரண்டு ஆவணங்களை இறக்கிக்கொள்ளுங்கள். ஒன்று பணிக்குழு அறிக்கை, பரிந்துரைகள் எல்லாம் எண்ணோடும் சொன்ன நாட்டின் பெயரோடும் அதில் இருக்கும். இன்னொன்று அதன் பிற்சேர்க்கை. எதை ஏற்றது, எதைக் குறித்துக்கொண்டது என்பது பிற்சேர்க்கையில்தான். முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு 'அரசு ஒப்புக்கொண்டது' என்று மேடையில் பேசியவர்களை எனக்குத் தெரியும். பிற்சேர்க்கையைத் திறக்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

339-ஐயும் உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை. அதே அலுவலகம் நடத்தும் யுனிவர்சல் ஹியூமன் ரைட்ஸ் இண்டெக்ஸ் என்ற தேடுதளத்தில் நாடு, தலைப்பு, யாருடைய உரிமை, எந்த நீடித்த வளர்ச்சி இலக்கு என்று வடிகட்டலாம். மீளாய்வுப் பரிந்துரைகளோடு, உடன்படிக்கைக் குழுக்களும் சிறப்பு அறிக்கையாளர்களும் சொன்னவையும் அதில் சேர்ந்தே வரும். இது பெரிய வசதி. டென்மார்க் மனித உரிமை நிறுவனம் எதிர்த் திசையில் ஒரு தளம் வைத்திருக்கிறது. துணை இலக்கின் எண்ணைக் கொடுத்தால், அதோடு பொருந்தும் உடன்படிக்கைப் பிரிவுகளைக் காட்டும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட துணை இலக்குகள் மனித உரிமை ஆவணங்களோடு தொடர்புடையவை என்பது அவர்கள் கணக்கு. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் யாரையாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிடித்து உட்கார வையுங்கள். அக்ஷயா சென்டரில் (அரசு இ-சேவை மையம்) பிரிண்ட் எடுக்க மறக்காதீர்கள். மலையில் நெட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

பிடித்த பரிந்துரையில் வினைச்சொல்லுக்கு அடிக்கோடு போடுங்கள். ஜெனீவாவில் இதையே வேலையாகச் செய்யும் யூ.பி.ஆர். இன்ஃபோ என்ற அமைப்பு பரிந்துரைகளை ஐந்து தரமாகப் பிரிக்கிறது. 'அனுபவத்தைப் பகிர்ந்துகொள்க' என்பது கடைசித் தரம். 'தொடர்ந்து முயல்க' அதற்கு ஒரு படி மேல். 'பரிசீலிக்க' அடுத்தது. 'மேம்படுத்துக' அதற்கும் மேல். 'இன்ன சட்டத்தை இயற்றுக', 'இன்ன உடன்படிக்கையை உறுதிசெய்க' என்பதுதான் பிடிகொடுக்கும் பரிந்துரை. ஏற்கப்பட்டவற்றில் 'தொடர்ந்து முயல்க' ரகம் நிறைய இருக்கும். ஏற்கெனவே முயல்வதாகச் சொல்பவருக்கு அதை ஏற்பதில் கஷ்டமே இல்லை. இதைப் பார்த்துச் சலித்துப்போக வேண்டாம். அதற்குத்தான் இலக்கின் எண்ணை அதோடு கட்டப்போகிறோம். 'தொடர்ந்து முயல்க' என்ற வெற்று வாக்கியத்துக்குள் 6.1 (குடிநீர்) என்ற எண்ணைச் செருகிவிட்டால், எவ்வளவு முயன்றீர்கள் என்று கேட்க வழி பிறக்கிறது.

வெறுமனே குறித்துக்கொள்ளப்பட்டதையும் தள்ளிவிடாதீர்கள். அதே விஷயம் நம் நாட்டுச் சட்டத்திலேயே இருக்கலாம், அல்லது இந்தியா ஏற்கெனவே உறுதிசெய்த உடன்படிக்கையில் இருக்கலாம். பேச்சை மட்டும் மாற்ற வேண்டும்: 'நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள்' என்று எழுதக்கூடாது, 'உங்களிடம் சொல்லப்பட்டது' என்று எழுத வேண்டும்.

பரிந்துரையால் எதுவும் நடக்குமா என்று கேட்பவர்களிடம் நான் இரண்டைச் சேர்த்தே சொல்வேன். குழந்தைத் தொழில் குறித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138, 182-ஆம் உடன்படிக்கைகளை உறுதிசெய்யும்படி மீளாய்வில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2017 ஜூனில் இந்தியா இரண்டையும் உறுதிசெய்தது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்துப் போட்டது. நான்கு மீளாய்விலும் கேட்டாயிற்று, இன்னும் உறுதிசெய்யவில்லை.

படி 3: இலக்கோடு நிறுத்தாதீர்கள், குறிகாட்டி வரை இறங்குங்கள்

'இலக்கு 11 – நகரங்களும் குடியிருப்புகளும்' என்று எழுதினால் வேலை முடியாது. துணை இலக்கு 11.1 எல்லோருக்கும் போதுமான, பாதுகாப்பான வீடு என்கிறது. ஆகா, நமக்கே எழுதியது என்று தோன்றும். அதன் குறிகாட்டியைப் பாருங்கள்: நகர்ப்புற மக்களில் சேரிகளிலோ போதாத வீடுகளிலோ வாழ்பவர்களின் விகிதம். நகர்ப்புறம்! மலையுச்சி லயம் அந்தக் கணக்குக்குள் வரவே வராது. நாங்கள் ஒரு வருடம் 11.1 என்று எழுதித் திரிந்தோம். கடைசியில் ஒரு திட்ட அதிகாரிதான், சிரிக்காமல், இதைச் சுட்டிக் காட்டினார்.

அப்படியானால் லயத்துக்கு எது? 1.4-க்கு இரண்டு குறிகாட்டிகள். 1.4.1 அடிப்படை வசதிகள் கிடைக்கும் வீடுகளில் வாழ்பவர்களின் விகிதம். 1.4.2 நிலத்தின் மீது உறுதியான உரிமை உள்ள வயதுவந்தோரின் விகிதம். சட்டப்படி செல்லும் ஆவணம் இருக்கிறதா, தன் உரிமை பாதுகாப்பாக இருப்பதாக அவரே நினைக்கிறாரா என்ற இரண்டையும் ஆண், பெண் பிரித்துக் கேட்கிறது அது. பட்டயம் (நில உரிமைப் பத்திரம்) இல்லாமல், வேலை இருக்கும் வரை மட்டுமே வீடு என்று இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான குறிகாட்டி எனக்குத் தெரிந்து இல்லை. ரிட்டயர் ஆனவரின் கேள்வி இங்கே போய்ச் சேர்கிறது. மழைக்கால லயத்தின் கேள்வி 1.5-க்கும் 13.1-க்கும் போகும், பேரிடரில் இறந்தோர், பாதிக்கப்பட்டோர் கணக்கு அங்கேதான். வேலையிட விபத்து 8.8.1.

தண்ணீருக்கும் கக்கூசுக்கும் 6.1, 6.2. இங்கேயும் ஒரு நுணுக்கம். 6.2-இன் உலக அளவுகோலில் பாதுகாப்பான கழிப்பறை என்றால் வேறு குடும்பங்களோடு பகிராதது. ஒரு வரிசைக்கு இரண்டு கழிப்பறை இருக்கும் லயம் உள்ளூர்க் கணக்கில் 'வசதி உண்டு' என்று டிக் வாங்கியிருக்கும். உலகக் கணக்கில் வாங்காது. எந்த அளவுகோலில் அளந்தார்கள் என்று எப்போதும் கேளுங்கள். பாலக்காட்டு எல்லைக்காரர்கள் 6.4-ஐயும், நீர் மேலாண்மையில் உள்ளூர் மக்களின் பங்கேற்பைச் சொல்லும் 6.பி-யையும் விடாதீர்கள். பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை எடுப்பதை எதிர்த்துப் பெருமாட்டிப் பஞ்சாயத்து நடத்திய சண்டை அந்த எண் பிறப்பதற்குப் பத்து வருடத்துக்கு முந்தியது, ஆனால் சங்கதி அதுதான்.

மொழிக்கு நேரான எண் கிடையாது. கல்வியில் 4.5 பாகுபாடு களைவதைச் சொல்கிறது. அதன் கீழ் யுனெஸ்கோ வைத்திருக்கும் துணைக் குறிகாட்டி ஒன்று, தொடக்கப் பள்ளியில் வீட்டுமொழியே பயிற்றுமொழியாக உள்ள மாணவர் எத்தனை சதவீதம் என்று கேட்கிறது. எல்லைத் தமிழர்களுக்கு இது தங்கம். ஏனோ யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

படி 4: நடுவில் ஒரு சட்டத்தை வையுங்கள்

பரிந்துரையையும் இலக்கையும் மட்டும் கட்டினால் முடிச்சு நழுவும். இரண்டுமே கோர்ட்டில் நேரடியாகச் செல்லுபடி ஆகாதவை. ஆகையால் நடுவில் இரண்டு ஆணி: ஓர் உடன்படிக்கைப் பிரிவு, ஓர் உள்நாட்டுச் சட்டப் பிரிவு.

வீட்டுக்கு: பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கை, பிரிவு 11. இந்தியா 1979-இல் இதில் சேர்ந்தது. அந்த உடன்படிக்கைக் குழு 1991-இல் எழுதிய 4-ஆம் பொதுக் கருத்துரை, 'போதுமான வீடு' என்றால் என்ன என்று ஏழு கூறுகள் சொல்கிறது. குடியிருக்கும் உரிமையின் உறுதி, வசதிகள், தாங்கக்கூடிய செலவு, வாழத்தக்க நிலை, அணுகல், இடம், பண்பாட்டுப் பொருத்தம். இந்த ஏழையும் ஒரு பேப்பரில் எழுதி எடுத்துக்கொண்டு லயத்துக்குள் நடந்து பாருங்கள். எதுவரைக்கும் டிக் போட முடிகிறது என்று பார்க்கலாம்.

உள்நாட்டில் தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951. குடிநீர், மருத்துவம், பிள்ளைமடுவம் (குழந்தைக் காப்பகம்), வீடு எல்லாம் தோட்ட முதலாளியின் கடமை என்றது அது. வீடு தருவது 15-ஆம் பிரிவு. கொடுத்த வீடு இடிந்து யாருக்காவது ஏதாவது ஆனால் முதலாளியே பொறுப்பு என்று 1981 திருத்தத்தில் 16-ஏ சேர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததில் இந்தச் சட்டம் தொழிற்பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. அதனால் பழைய பிரிவு எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போனால் 'அந்தச் சட்டமே இல்லையே' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதிய தொகுப்பில் தோட்டங்களுக்கான பகுதியைப் படித்து எழுதுங்கள். பழைய காலத்துச் சம்பவம் என்றால் பழைய பிரிவு.

மொழிக்கு: அரசியல் சாசனத்தின் 350-ஆம் பிரிவு ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறை சொல்லி மனுக் கொடுக்க உரிமை தருகிறது. 350-ஏ மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. இதை அச்செடுத்து மனுவோடு பின் அடித்து வைப்பது என் வழக்கம். தமிழ் மனுவைப் பார்த்து முகம் சுளித்த ஓர் அலுவலகத்தில் அது பேசாமலே பேசியிருக்கிறது.

தண்ணீருக்கு ஒரே வரி: தண்ணீரும் சுகாதாரமும் மனித உரிமை என்ற 2010 ஜூலை 28 ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது.

படி 5: ஒரு தாள், ஆறு கட்டம்

நாங்கள் பயன்படுத்தும் தாள் இப்படி இருக்கும். ரிட்டயர் ஆனவரின் கேள்வியை வைத்தே நிரப்பிக் காட்டுகிறேன்.

கேள்வி: ரிட்டயர் ஆனபின் லயத்தைக் காலி செய்யும் தொழிலாளிக்குச் சொந்த வீட்டுமனை இருக்கிறதா?

பரிந்துரை: வறுமை, நிலம், வீடு என்ற தலைப்புகளில் தேடிக் கிடைத்ததன் எண், சொன்ன நாடு, ஆண்டு, ஏற்றதா குறித்துக்கொண்டதா.

துணை இலக்கும் குறிகாட்டியும்: 1.4, 1.4.2.

சட்டம்: உடன்படிக்கை பிரிவு 11, முதல் கூறு 'குடியிருக்கும் உரிமையின் உறுதி'.

யார் கையில்: நிலம் என்றால் வருவாய்த் துறை, வில்லேஜ் ஆபீஸ், தாலுகா. வீடு என்றால் லைஃப் மிஷன் (மாநில அரசின் வீட்டுத் திட்டம்), பஞ்சாயத்து. தோட்டத்து வீடு என்றால் தொழிலாளர் துறையின் பிளாண்டேஷன் இன்ஸ்பெக்டர்.

இன்றைய கணக்கு: எங்கள் டிவிஷனில் கடந்த ஐந்து வருடத்தில் ரிட்டயர் ஆனவர் எத்தனை, அதில் பெண்கள் எத்தனை, பட்டயம் உள்ளவர் எத்தனை, தமிழ்நாட்டுக்கே திரும்பிப் போனவர் எத்தனை.

ஐந்தாவது கட்டத்தை நிரப்புவதற்குள் மூச்சு வாங்கும். பரிந்துரையை ஏற்றது டெல்லி. வீடும் தண்ணீரும் மருத்துவமும் நடப்பது மாநிலத்திலும் பஞ்சாயத்திலும். நடுவில் தோட்டம் தனியார் நிலம். 'அங்கே பஞ்சாயத்துக் காசைப் போட முடியாது' என்ற பதிலை நாங்கள் கேட்காத வருடமில்லை. ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் இந்த வட்டத்தைத் தாளிலேயே வரைந்து விடுங்கள். எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே தள்ளுவது என்று தெரியும்.

படி 6: எண்ணுவது

இருக்கும் கணக்கை முதலில் வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய், 30 நாள். தோட்டத்திடம் நேராகக் கேட்க முடியாது. ஆனால் அரசு அலுவலகம் தன் கையில் வைத்திருப்பதைக் கேட்கலாம்: லயங்களைப் பார்வையிட்ட இன்ஸ்பெக்டரின் அறிக்கை, பஞ்சாயத்தின் கட்டடப் பதிவேடு, தண்ணீர்ப் பரிசோதனை முடிவு. 'பிரச்சினை என்ன' என்று கேட்காதீர்கள். 'இன்ன வருடத்தில் எத்தனை லயங்களைப் பார்வையிட்டீர்கள், அறிக்கை நகல் தருக' என்று கேளுங்கள். பார்வையிடவே இல்லை என்பதும் ஒரு கணக்குத்தான், சில சமயம் அதுதான் பெரிய கணக்கு.

தேசியக் குடும்பநல ஆய்வு மாவட்டம் வரைதான் இறங்கும். இடுக்கி என்று எண் வரும், லயம் என்று வராது. ஆகவே மீதியை நாமே எண்ண வேண்டும். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துப் (மகளிர் சுய உதவிக் குழு) பெண்கள் இதற்கு ஏற்றவர்கள். ஒவ்வொரு வீட்டு வாசலும் தெரியும், ஞாயிறு மத்தியானம் யார் இருப்பார்கள் என்பதும் தெரியும். கேள்வி பத்துக்கு மேல் வேண்டாம். பெயர், மஸ்டர் எண் (வேலைப் பதிவேட்டு எண்), போட்டோ எதையும் எழுதாதீர்கள். சின்ன இடம். 'மூன்றாவது வரிசையில் விதவை' என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும். வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே இடத்தை நம்பியிருப்பவரின் வாயிலிருந்து வந்த புகாரை அவருடைய அடையாளத்தோடு வெளியே விடுவது துரோகம்.

படி 7: எங்கே கொண்டுபோவது

ஜெனீவாவை மறந்துவிட்டு முதலில் கிராமசபை. கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அது கூடியாக வேண்டும். அங்கே பேசினால் மட்டும் போதாது, மினிட்ஸில் ஏற வேண்டும். அதன்பின் பஞ்சாயத்தின் ஒர்க்கிங் குரூப், விகசன செமினார் (வளர்ச்சிக் கருத்தரங்கு). 1996 ஜனகீய ஆசூத்ரணத்திலிருந்து (மக்கள் திட்டமிடல் இயக்கம்) வந்த இந்த வழி மற்ற மாநிலத்தாருக்குக் கிடைக்காதது. மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் நீடித்த வளர்ச்சி இலக்குகளை ஒன்பது கருப்பொருளாக்கிப் பஞ்சாயத்துகளுக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் தாளின் துணை இலக்கு எந்தக் கருப்பொருளில் விழுகிறது என்று மேலே ஒரு வரி எழுதினால் செகரட்டரிக்கு வேலை சுலபம், உங்களுக்கு நாற்காலி கிடைக்கும். மாநிலத்தின் 14-ஆவது திட்டம் 2022–27. புதுத் திட்டத்துக்கான பேச்சில் இந்தத் தாள்கள் இருக்க வேண்டும்.

பிறகு மாநில மனித உரிமை ஆணையமும் தேசிய ஆணையமும். தேசிய ஆணையம் மீளாய்வுக்குத் தனியாக அறிக்கை அனுப்பும். அதற்குள் உங்கள் எண்கள் போய்ச் சேர்ந்தால் நல்லது. இந்தியா தன் இலக்குகளின் நிலவரத்தை 2017, 2020, 2025 ஆண்டுகளில் ஐ.நா. உயர்நிலை அரசியல் மன்றத்தில் தானே முன்வந்து அறிக்கையாக வைத்தது. அந்த மன்றம் ஜூலையில் கூடும். அந்த அறிக்கையை எடுத்து, உங்கள் சங்கதி பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே சாதனையாகச் சொன்னதும் மீளாய்வில் ஏற்றுக்கொண்டதும் உங்கள் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது, விளக்கம் எதுவும் எழுதத் தேவைப்படாது.

கடைசியாக ஜெனீவா. மக்கள் அமைப்பு எதுவும் எழுத்தில் அறிக்கை அனுப்பலாம், ஐ.நா. ஆலோசனை அந்தஸ்து வேண்டியதில்லை. மண்டபத்துக்குள் போகத்தான் அது வேண்டும். தனி அமைப்பு என்றால் 2,815 சொல், பல அமைப்புகள் சேர்ந்தால் 5,630 சொல். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றில் ஒன்றில்தான் எழுத வேண்டும். மீளாய்வுக்குப் பல மாதம் முன்பே கெடு முடிந்துவிடும், ஆகவே 2022-க்கு அடுத்த தடவைக்கான அட்டவணை வந்ததா என்று ஆணையர் அலுவலகத் தளத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள். தனியாக அனுப்பாதீர்கள். மலைத் தோட்டங்களும் வால்பாறை, நீலகிரித் தோட்டங்களும் சேர்ந்து ஒன்றாக அனுப்பினால் சுருக்கத்தில் இடம்பிடிக்க வாய்ப்பு அதிகம். வருணனையைக் குறைத்து, ஒவ்வொரு பத்தியும் 'முந்தைய பரிந்துரை, இன்றைய கணக்கு, கேட்கும் புதிய பரிந்துரை' என்ற மூன்றோடு முடியட்டும். கேட்கும் பரிந்துரையை ஒரு தூதர் அப்படியே வாசிக்கும்படி, ஒரே வாக்கியத்தில், துணை இலக்கின் எண்ணோடு எழுதிக்கொடுங்கள். அவர்களுக்குப் பேசக் கிடைப்பது ஓரிரு நிமிடம்.

படி 8: அனுப்பும் முன் லயத்தில் வாசித்துக் காட்டுங்கள்

இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். எங்கள் தாளை ஒரு சாயங்காலம் பிரட்டுக்களத்தில் (வேலைக்கு ஆள் கூடும் இடம்) வைத்துத் தமிழில் வாசித்தோம். 'வரிசைக்குக் கழிப்பறை: மூன்று' என்றதும் அதே அக்கா கையைத் தூக்கினார். "மூணு இல்ல தம்பி, ரெண்டுன்னு போடு."

"எண்ணினவங்க மூணுன்னு எழுதியிருக்காங்களேக்கா?"

"மூணாவதுக்குக் கதவு இல்ல. ஆம்பளைங்க எண்ணியிருப்பாங்க."

அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினோம். பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் போட்டு, 'கதவு, தாழ்ப்பாள், விளக்கு' என்று தலைப்பு வைத்து, மற்ற வரிசைகளையும் மறுபடி எண்ண அந்த அக்காவையே அனுப்பினோம்.